நடுவில் எஞ்சின், நடுரோட்டில் பள்ளிக்கூடம்

புதுக்கார் வாங்கினால் நம் ஊரில் முதல் வேலை பூஜை. பாண்டி கோவில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கிளம்பினால் மனசுக்கு ஒரு தைரியம். மாருதி 800 காலத்திலிருந்து இதுதான் வழக்கம். தப்பே இல்லை. ஆனால் ஒரு கோடி, இரண்டு கோடி, நாலு கோடி கொடுத்து வாங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே நாலு எலுமிச்சம்பழம் போதும் என்று நம் சட்டமும், இன்சூரன்ஸும், காரை விற்பவர்களும், வாங்குபவர்களும் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறார்களே, அங்கேதான் பிரச்சினை.

இங்கே பேசப்போவது நடு எஞ்சின் கார்களைப் பற்றி. சாதாரண காரில் எஞ்சின் முன்னால் பானெட்டுக்குள் இருக்கும். லம்போர்கினி ஹுராக்கான், போர்ஷே 718 கேமேன், ஆடி ஆர்8, பெரும்பாலான புது ஃபெராரிகள் போன்றவற்றில் அது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். 1966-ல் லம்போர்கினி மியூரா வந்ததிலிருந்து "சூப்பர் கார்" என்றாலே இந்த அமைப்புதான் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பே பந்தயக் கார்கள் மாறிவிட்டன. 1958-ல் அர்ஜென்டினா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ், எஞ்சின் பின்னால் இருந்த குட்டி கூப்பர் காரை வைத்துக்கொண்டு பெரிய பெரிய முன் எஞ்சின் கார்களை ஜெயித்தார். அடுத்த வருடம் ஜாக் பிரபாம் அதே கூப்பரில் உலக சாம்பியன். அத்தோடு பார்முலா ஒன் உலகத்தில் முன் எஞ்சின் கதை முடிந்தது.

"மதுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், நாம ஷேர் ஆட்டோவுல போற ஆளுக" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தக் காருக்குள் இருப்பவருக்கு ஏர்பேக் உண்டு. ரிங் ரோட்டில் டி.வி.எஸ். 50-ல் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அது கிடையாது. இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் 17,884 பேர், அதாவது தினமும் சராசரியாக 49 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இந்தச் சாவுகள் எல்லாம் ஸ்போர்ட்ஸ் காரால் வந்தவை என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பலவீனமான ஆட்கள் நடமாடும் ஒரு ரோட்டை, 600 குதிரை சக்தி காருக்கு ஓட்டுனர் பயிற்சிப் பள்ளியாக ஆக்கலாமா என்பதுதான் கேள்வி.

ஆகாது. ஏன் என்று புரிய கொஞ்சம் பிசிக்ஸ் வேண்டும். பயப்பட வேண்டாம், காமர்ஸ் படிப்பவர்களுக்கும் புரிகிற அளவுதான் :-)

ஒரு நீளக் கம்பை எடுத்து இரண்டு முனையிலும் ஒவ்வொரு செங்கல்லைக் கட்டுங்கள். நடுவில் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பவும் அடம், திரும்பிய பின் நிற்கவும் அடம். இப்போது அதே இரண்டு செங்கல்லையும் அவிழ்த்து, பிடிக்கும் கைக்குப் பக்கத்தில் நடுவில் கட்டுங்கள். எடை மாறவில்லை, ஆனால் கம்பு சட்டென்று திரும்பும். நடு எஞ்சின் காரின் மொத்த ரகசியமும் இதுதான். கனமான சாமான் நடுவில் இருப்பதால் வளைவில் கார் அம்பு மாதிரித் திரும்புகிறது. ஆனால் சீக்கிரம் திரும்புகிற பொருள் சீக்கிரம் சுழலவும் செய்யும். வசதியும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது.

அடுத்தது கால் சம்பந்தப்பட்டது. நம்மில் கார் ஓட்டத் தெரிந்த கிட்டத்தட்ட எல்லோரும் கற்றுக்கொண்டது ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன் எஞ்சின், முன் சக்கர இழுவைக் காரில். அந்தக் காரை வளைவில் கொஞ்சம் வேகமாக விட்டால் என்ன ஆகும்? ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுபவர் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். எடுத்தவுடன் காரின் எடை முன்பக்கம் சாயும். முன் டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். மூக்கு உள்ளே வரும். கார் பாதைக்குத் திரும்பிவிடும். ஓட்டுபவர் ஒரு பெருமூச்சு விட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பயந்தால் காலை எடு, எல்லாம் சரியாகிவிடும். பத்து வருடம் ஓட்டினால் பத்து வருடமும் கால் கற்றுக்கொள்ளும் பாடம் இது ஒன்றுதான்.

இப்போது அதே ஆள், அதே காலோடு, நடு எஞ்சின் காரில் ஏறுகிறார். எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது. வளைவில் பயம் வருகிறது. கால் தானாக மேலே வருகிறது. எடை முன்னால் சாய்கிறது. இந்தத் தடவை பிடி இழப்பது பின் டயர்கள். போதாக்குறைக்கு எஞ்சினே பின் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. எஞ்சினைச் சுமந்துகொண்டிருக்கும் வால்பகுதி வெளியே வீசுகிறது. செங்கல் நடுவில் இருக்கும் கம்பாயிற்றே, கண் மூடித் திறப்பதற்குள் கார் பக்கவாட்டில் நிற்கிறது. பழைய காரில் காப்பாற்றிய அதே கால் இந்தக் காரில் கவிழ்த்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை, பத்து வருடம் எது சரியாக இருந்ததோ அதைத்தான் செய்தார்.

ஆக, இந்தக் காரைப் பாதுகாப்பாகக் கற்பது என்றால் இன்னும் வேகமாக ஓட்டக் கற்பது என்று அர்த்தமில்லை. காலில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை மறப்பதுதான் பாடம். பழக்கத்தை மறக்க வேண்டுமென்றால் பலமுறை தப்பு செய்து பார்க்க வேண்டும். பலமுறை தப்பு செய்து பார்க்கும் இடம் பொது ரோடாக இருக்க முடியாது. விவாதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு வரும் சால்ஜாப்புகளுக்குப் பதில்.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்பது முதல் சால்ஜாப்பு. பழைய கதையிலிருந்தே ஆரம்பிப்போம். டொயோட்டா 1989-ல் எம்.ஆர்.2 என்ற நடு எஞ்சின் காரின் இரண்டாம் தலைமுறையை விட்டது. இன்றைய கணக்கில் சாதுவான கார்தான். ஆனால் வளைவில் காலை எடுத்தால் சட்டென்று வால் வீசும் என்று பெயர் வாங்கிவிட்டது. டொயோட்டாவே பின்னால் அதன் சஸ்பென்ஷன் அமைப்பையும் டயர்களையும் மாற்றியது. தயாரித்தவனே திருத்த வேண்டி வந்த குணத்தை, வாங்கியவன் முதல் நாளே சமாளிப்பான் என்று நம்புவது என்ன நியாயம்?

இன்றைய கார்களில் வால் வீச ஆரம்பித்தால் தனித்தனிச் சக்கரமாக ப்ரேக் பிடித்து நேராக்கும் மின்னணு ஏற்பாடு இருப்பது உண்மை. நல்ல விஷயம். கற்றுக்கொள்பவர் அதை அணைக்கவே கூடாது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் டயருக்கு இருக்கும் பிடியைப் பங்கு போட்டுத்தான் கொடுக்க முடியும், இல்லாத பிடியைக் கடன் வாங்கித் தர முடியாது. தண்ணீர் தேங்கிய ரோடு, மணல் படிந்த வளைவு, நெல் காயப்போட்ட அரை ரோடு... இங்கெல்லாம் அதுவும் கையை விரித்துவிடும். இன்னொன்று, வீடியோ எடுக்க வேண்டும், டயர் புகைய வேண்டும் என்று முதலில் அணைக்கப்படுவதே அந்தப் பொத்தான்தான்.

டயர் என்றதும் ஒரு முக்கியமான விஷயம். "ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்" படங்களின் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் இறந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்திருந்தது போர்ஷே கரேரா ஜி.டி., நடு எஞ்சின் கார். ஓட்டியவர் அவருடைய நண்பர், பந்தய அனுபவம் உள்ளவர். இரண்டு பேரும் போய்விட்டார்கள். காவல்துறை விசாரணையில் தெரிய வந்தது: மணிக்கு 45 மைல் வரம்பு உள்ள ரோட்டில் வேகம் 80-லிருந்து 93 மைல், அதாவது சுமார் 130-லிருந்து 150 கிலோமீட்டர். டயர்களின் வயது ஒன்பது வருடம். இந்த மாதிரிக் கார்கள் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும். பட்டன் தேயாமல் டயர் புதுசு மாதிரியே தெரியும். ஆனால் ரப்பர் சும்மா நின்றாலும் வயதாகி இறுகும், அதுவும் மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் எந்த வருடம் எந்த வாரம் தயாரானது என்று நாலு இலக்கத்தில் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். நடு எஞ்சின் காரில் பாடம் அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்கள்?

சரி, முறையாக எப்படிக் கற்றுத் தருகிறார்கள்? முதலில் சக்தி குறைந்த வண்டி. அடுத்து மூடிய இடம், சுற்றிலும் மோதுவதற்கு ஒன்றும் இல்லாத இடம். தரையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கிய ஒரு வட்டம். பக்கத்து சீட்டில் தெரிந்த ஒருவர். இருபது மீட்டர் ஆரமுள்ள ஈர வட்டத்தில் டயர் வழுக்க மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போதும். டவுன் பஸ் வேகம்! அந்த வேகத்தில் வால் வீசினால் கார் ஒரு சுற்று சுற்றி நிற்கும், வாந்தி வேண்டுமானால் வரலாம், உயிர் போகாது. அதே பாடத்தைக் காய்ந்த ரோட்டில், நூறு மீட்டர் ஆரமுள்ள வளைவில், நல்ல டயரோடு கற்க வேண்டுமானால் வேகம் 110-ஐத் தொட வேண்டும். வழுக்குவது என்னவோ ஒன்றுதான். 40-ல் வழுக்கினால் பாடம், 110-ல் வழுக்கினால் போஸ்ட்மார்ட்டம்.

அந்த வட்டத்தில் சொல்லித்தருவது ஒன்றும் மந்திரம் இல்லை. ப்ரேக்கை நேர் ரோட்டிலேயே பிடித்து முடி. வளைவுக்குள் மெதுவாக நுழை, வெளியேறும்போது வேகம் எடு. ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே, எலுமிச்சம்பழத்தைப் பிழிவது மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்து. எடுப்பதும் அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாக. வால் வீசினால் மோதப்போகும் மரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், கை தானாக அந்தப் பக்கம் திருப்பும். திருப்பியதை வால் திரும்பி வரும்போது உடனே குறை, இல்லையென்றால் எதிர்ப்பக்கம் வீசும் (முதல் வீச்சில் தப்பி இந்த இரண்டாவது வீச்சில் மாட்டுபவர்கள் நிறைய). முழுதாகச் சுழல ஆரம்பித்துவிட்டால் ப்ரேக்கை முழுதாக அழுத்து, கிளட்ச் இருந்தால் அதையும். அப்புறம் டயர் சூடாகும்வரை, அதாவது காலையில் எடுத்த முதல் சில கிலோமீட்டர், காரை நம்பாதே. படித்துவிட்டீர்கள், பத்து வரி. ஆனால் படித்தவருக்கு வராது. நூறு முறை வழுக்கியவருக்குத்தான் வரும். நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டு வைகை அணையில் குதிப்பவர் உண்டா?

நம்ம ஊர் ஆள் யாராவது இப்படிக் கற்றிருக்கிறாரா என்றால், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இருக்கிறார். பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். 2005-ல் ஜோர்டான் அணி, அதே வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவது இடம். அவர் பந்தயத்தில் முதலில் ஓட்டியது எது தெரியுமா? பார்முலா மாருதி. கோவைக்காரர் கரிவரதன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஒற்றை இருக்கை கார். ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் நம்ம மாருதி 800 எஞ்சின். அதிலிருந்து 1992-ல் பிரான்சில் விண்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். 900 குதிரை சக்தி காரை ஓட்டப்போகிற பிறவித் திறமைசாலி 800 சி.சி.யில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போய், பத்துப் பன்னிரண்டு வருடம் படிப்படியாக ஏறினார். இங்கே ஆள் நேற்றுவரை ஓட்டியது இன்னோவா, இன்று 600 குதிரை சக்தி, நடுவில் ஒரு படி கிடையாது. என்ன சொல்ல!

அடுத்து அஜித். மதுரையில் அஜித்துக்கு உள்ள கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவர் 2002-ல் பார்முலா மாருதி, 2003-ல் பார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியா, 2010-ல் பார்முலா 2 என்று ஓட்டியவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்த வீடியோவைப் பார்க்காத போன் தமிழ்நாட்டில் இல்லை. (அந்தக் காரில் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால், அது இன்னும் ஒரு படி மேல்.) கார் நொறுங்கியது, மனிதர் இறங்கி நடந்து வந்தார். சில நாளில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. "தல கெத்து" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது கெத்து இல்லை. உடம்பைக் கட்டிய பட்டைகள், ஹெல்மெட், காருக்குள் இரும்புக் கூண்டு, மோதலை வாங்கிக்கொள்ளும் தடுப்பு, எதிரே பால்காரர் வராத தடம். கப்பலூரிலிருந்து ஒத்தக்கடைவரை தேடினாலும் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. அங்கே கிடைப்பவை மீடியன் இடைவெளியில் குறுக்கே வரும் டிராக்டர், எதிர்த்திசையில் ஹெட்லைட் போட்டு வரும் டூவீலர், ஆட்டு மந்தை, வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம்தான். இரண்டு பக்கமும் இருப்பது சுவர், அதற்கு அப்புறம் வெறும் காற்று.

பயிற்சி பெற்றவருக்கு மட்டும் ரோடு கருணை காட்டுமா? அதுவும் இல்லை. தேசிய அளவில் பட்டம் வென்ற சென்னை பந்தய வீரர் அஷ்வின் சுந்தர் 2017 மார்ச்சில் சென்னை ரோட்டில் கார் மரத்தில் மோதித் தீப்பிடித்து மனைவியோடு இறந்துபோனார். தடத்தில் எத்தனையோ முறை மோதலிலிருந்து எழுந்து வரும் ஆட்களைக்கூட ரோட்டோரத்து ஒரே ஒரு மரம் முடித்துவிடுகிறது. இதைச் சொல்வது அவரைக் குறை சொல்ல இல்லை. எல்லையைத் தொட்டுப் பார்க்கும் வேலையை ரோட்டில் யாரும் செய்ய முடியாது, சாம்பியனாலும் முடியாது என்று சொல்வதற்காக.

இனி சட்டம். நம் லைசென்ஸில் காருக்கு எழுதுவது எல்.எம்.வி., இலகு ரக மோட்டார் வாகனம். காலி எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் போதும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் ஆல்டோவைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே ஓட்டிக் காட்டி வாங்கிய அட்டையை வைத்துக்கொண்டு, மறுநாளே லம்போர்கினியில் ஏறலாம். சட்டம் எடையை மட்டும்தான் பார்க்கிறது. லாரிக்குத் தனி லைசென்ஸ், பஸ்ஸுக்குத் தனிப் பயிற்சி என்று கேட்பது எதனால்? அந்த வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும், தப்பினால் அடுத்தவன் சாவான் என்பதால். இந்தக் காரணம் இங்கே பொருந்தாதா?

இன்சூரன்ஸ் கணக்கு இன்னும் வேடிக்கை. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416, 1500-க்கு மேல் 7,897. அவ்வளவுதான், அதற்கு மேல் படியே கிடையாது. குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிற 2.4 லிட்டர் இன்னோவாவுக்கும் 7,897. 5.2 லிட்டர், 610 குதிரை சக்தி ஹுராக்கானுக்கும் 7,897! ரிஸ்க்குக்குத் தகுந்த பிரீமியம் என்பது இன்சூரன்ஸ் பாடத்தின் முதல் அத்தியாயம். இங்கே இன்னோவாக்காரர் லம்போர்கினிக்காரரின் ரிஸ்க்குக்குச் சேர்த்துக் கட்டுகிறார். லாபம் ஒருவருக்கு, செலவு ஊருக்கு. இதற்குப் பொருளாதாரத்தில் பெரிய பெயர் உண்டு. ஊர்ப்பாஷையில் ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

சட்டம் கண் திறப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். புனேயில் 2024 மே 19 அன்று போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் என்ஜினியர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்டவனுக்கு வயது 17. அது எலெக்ட்ரிக் கார், நடு எஞ்சின் இல்லை, பயிற்சியை விடப் பெரிய கேள்விகளும் அந்த வழக்கில் உண்டு. ஆனால் முதலில் கொடுத்த ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்றை மறக்க முடியாது: சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நாடே கொதித்த பிறகு அந்த உத்தரவு மாறியது. இரண்டு உயிருக்கு 300 வார்த்தை. இந்தக் கட்டுரையே அதைவிட நீளம்.

"அப்படியானால் இந்தக் கார்களையே தடை செய்துவிடலாமே" என்று ஒரு கோஷ்டி வரும். தேவையில்லை. மனிதன் கண்டுபிடித்த அழகான யந்திரங்களில் ஒன்று அது. அதன் மேல் ஒருவருக்கு ஆசை வருவது குற்றமில்லை. மாருதி ஆம்னி தெரியுமல்லவா? தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே பிறந்த வண்டி. அதிலும் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான், ஒருவகையில் அதுவும் நடு எஞ்சின். முப்பத்துச் சொச்சம் குதிரை சக்தியோடு 2019 வரை தயாராகி, ஸ்கூல் பிள்ளைகளைச் சுமந்தது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்பது பாவமில்லை. அவ்வளவு சக்தியையும் பின்னால் வைத்துக்கொண்டு பாடம் படிக்காமல் ஊருக்குள் வருவதுதான் பாவம்.

"கற்றுக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. தமிழ்நாடு இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த மாநிலம். சோழவரத்தில் யுத்த கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திய ஊர் இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர் தடம், கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் கரிவரதன் பெயரில் 2.1 கிலோமீட்டர் தடம். கோவை நமக்கு நாலு மணி நேரம். கோடி ரூபாய் கார் வாங்கியவர் ஒரு சனி ஞாயிறு போய்வர முடியாத தூரமா? கார் விலையில் ஒரு சதவீதம் ஒதுக்கினாலே பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். அலாய் வீலுக்கும் புகைக்குழாய்ச் சத்தத்துக்கும் அதைவிட அதிகம் செலவாகிறது.

ஆனால் தென் மாவட்டங்களுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்பதும் உண்மை. பந்தயத் தடம் கேட்கவில்லை. தார் போட்ட சில ஏக்கர் சமவெளி, ஈர வட்டத்துக்குத் தண்ணீர், சுற்றிலும் டயர் அடுக்கு. மதுரையைச் சுற்றிச் சமவெளிக்குப் பஞ்சமா? "பணக்காரன் விளையாட அரசு பணமா" என்று உடனே கேட்பார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்குப் பொது ரோட்டை மூடி, இரவில் விளக்குப் போட்டு பார்முலா 4 நடத்தியது நம் அரசு. அதில் ஓடிய பார்முலா 4 கார்கள் அத்தனையிலும் எஞ்சின் ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால்தான். வேடிக்கை பார்க்க ரோட்டை மூடலாம் என்றால், கற்றுக்கொள்ள ஒரு மைதானம் ஏன் கூடாது? அதே ஈர வட்டத்தில் 108 ஆம்புலன்ஸ் டிரைவரும், பஸ் டிரைவரும், முதல் தடவை மழையில் பைக் ஓட்டப்போகிற காலேஜ் பையனும் பழகட்டும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரரிடம் கட்டணத்தைத் தாராளமாக வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு இலவசமாக விடுங்கள்.

இது மதுரைக்குப் புரியாத விஷயமே இல்லை. ஜல்லிக்கட்டுக் காளையை யாரும் டவுன்ஹால் ரோட்டில் அவிழ்த்துவிடுவதில்லை. அதற்கு வாடிவாசல் உண்டு, தடுப்பு உண்டு, தென்னை நார் பரப்பிய களம் உண்டு. காளைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட், வீரருக்கு உடல் பரிசோதனை, பக்கத்தில் ஆம்புலன்ஸ். 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூர் கீழக்கரையில் அதற்கென்றே கேலரியோடு ஒரு அரங்கமும் திறந்தாயிற்று. ஒரே ஒரு காளையின் வேகத்துக்கு இவ்வளவு ஏற்பாடு கேட்கிற ஊர், 600 குதிரைகளின் வேகத்துக்கு நாலு எலுமிச்சம்பழத்தோடு திருப்தி அடைகிறது.

ஆகவே கேட்பது நாலே நாலு. குறிப்பிட்ட சக்திக்கு மேற்பட்ட காருக்கு லைசென்ஸில் தனிக் குறிப்பு, மூடிய தடத்தில் பயிற்சி முடித்தால் மட்டும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் சக்திக்கேற்ற படி. விற்பவர் சாவி கொடுக்கும் முன் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு ஈர வட்டம்.

இவை வரும்வரை அப்படி ஒரு கார் வாங்கியவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் அந்த நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு, சனிக்கிழமை காலை கோயம்புத்தூருக்கு வண்டியை விடுவது. வழியில் மெதுவாக.